வாசலுக்கு வந்த குப்பைமேனி

செக்கடித் தெருவில் குப்பைமேனி முளைத்தபோது முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குப்பைமேனி முளைக்காத தெரு என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதா என்ன? குப்பை கொட்டுகிற மூலையிலும் சாக்கடைச் சுவரின் வெடிப்பிலும் யாரையும் கேட்காமல் முளைத்து, ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டிய இலையும் கிண்ணம் கிண்ணமாகப் பச்சைப் பூவுமாக, பசித்த ஆடுகூட இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத களை அது. பூனைகளுக்கு மட்டும் அதன் வேர் என்றால் உயிர். முகர்ந்து, புரண்டு, முன்னங்காலை மடக்கிக் கும்பிடுவதுபோல அதன் முன்னால் கிடக்கும் என்பதால் பூனைவணங்கி என்று ஒரு கௌரவமான பேரும் அதற்கு உண்டு, அந்தப் பேரைச் சொல்லி யாரும் அதைக் கூப்பிடுவதில்லை என்றாலும்.

ஆனால் அந்த ஐப்பசியில் அது மூலைக்கு வரவில்லை, வாசலுக்கு வந்தது. அரிசி மண்டிக்காரர் கட்டிய புது வீட்டில், குனிந்து முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற மாதிரி பளபளக்கும் கிரானைட் படியின் நட்டநடுவில், கல்லில் ஒரு கீறல்கூட விழாமல், ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அவர் பிடுங்கி எறிந்தார். மறுநாள் விடிந்தபோது அதே இடத்தில், அதே உயரத்தில், அதே சாய்மானத்தில் நின்றது. கொத்தனாரைக் கூட்டிவந்து கல்லையே மாற்றிப் பார்த்தார், புதுக் கல்லிலும் நின்றது. கடைசியில் அவருடைய வீட்டம்மா, பவுடர் போட்டுப் போட்டு மறைத்துவந்த கழுத்துப் படைக்கு அந்த இலையையே கிள்ளி மஞ்சளும் கல் உப்பும் வைத்து அரைத்துப் பூசிக் காயவிட்டுக் குளித்தார். அரிப்பு அடங்கிய அன்றைக்குச் செடியும் தானாகக் காய்ந்து உதிர்ந்து, படி பழையபடி பளபளத்தது. பிறகு ஒரு பையனின் வாசலுக்கு வந்தது, சாற்றைப் புகட்டியதும் வயிற்றிலிருந்த பூச்சி விழுந்தது, செடி போனது. பிறகு ஒரு சுருட்டுக்காரரின் வாசலுக்கு வந்தது, நெஞ்சில் கட்டியிருந்த சளியை வாந்தியாக எடுத்துப்போட்டார், செடி போனது.

இப்படியாக, எந்த வீட்டு ஆளுக்குக் குப்பைமேனி தேவைப்படுகிறதோ அந்த வாசலுக்கு அது தானாக வருகிறது, வேலை முடிந்ததும் தானாகப் போகிறது என்று தெரு தெரிந்துகொண்டது. இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். யார் வாசலுக்கு வந்திருக்கிறது என்று கேட்பதற்கே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

நல்ல காரியம்தானே, மருந்து தானாக வீடு தேடி வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தெருவில் குடியிருந்து பழக்கமில்லை. குப்பைமேனிக்கு ஒரு வேலை மட்டும் இருந்தால் பரவாயில்லை, அதற்கு ஆயிரத்தெட்டு வேலை. வாசலில் செடி நிற்கிறது என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்பது மட்டும் உறுதி, என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. அது போதாதா? பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் விடியற்காலையிலேயே ஆளை அனுப்பி வாசலைப் பார்த்துவிட்டு வரச்சொன்னார்கள். வாசலில் செடி நின்ற ஒரு மெஸ்ஸில் சாப்பிட ஆள் வரவில்லை, முதலாளி மாடிப்படியைச் சுற்றி வேறு வாசல் வைத்தார், செடியும் சுற்றிக்கொண்டு போய் அங்கே நின்றது. நகராட்சியிலிருந்து களைக்கொல்லி அடிக்க வந்தவர்கள் மறுநாள் தங்கள் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் துறையில் வராது என்று போய்விட்டார்கள். சிலர் செடியைச் சுற்றி ரோஜாத் தொட்டிகளை அடுக்கினார்கள், சிலர் அதையே நடுப்புள்ளியாக வைத்துக் கோலம் போட்டார்கள். பகை வைத்திருந்தவர்கள் பிடுங்கிக்கொண்டுபோய் எதிரியின் வாசலில் நட்டார்கள், ஆனால் அங்கே அது வேர் பிடிக்காமல் வதங்கிப்போய் நட்டவரையே காட்டிக்கொடுத்தது.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல எல்லாரிடமும் ஒரே பதில் இருந்தது: பிள்ளைக்குப் பூச்சி. வரக்கூடிய வியாதிகளிலேயே மரியாதையான வியாதி அதுதான் என்று தெரு தனக்குள் முடிவு பண்ணிவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் நாய்க்குப் பூச்சி என்றார்கள். நாயும் இல்லாதவர்கள் சொந்தக்காரப் பிள்ளை வந்து தங்கியிருக்கிறது என்றார்கள். கேட்டவர்கள் நம்பினதுபோலத் தலையாட்டிவிட்டு, நாலு வீடு தள்ளிப்போய் நின்று, குஷ்டமாக இருக்குமோ என்றார்கள்.

அந்தத் தெருவில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிற சீனித்தாய், அடுத்தவர் வாசலை எட்டிப் பார்ப்பதில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டிருந்ததால் அவளுக்கு எட்டிப் பார்க்க எழுந்திருக்கவே வேண்டியதில்லை. புருஷன் போன பிறகு அந்த மெஷினை மிதித்து மிதித்தே ஒரே மகன் ஞானகுருவைப் படிக்கவைத்து, பைக் ஷோரூமில் வேலைக்கு அனுப்பி, பக்கத்து ஊரிலிருந்து அனுசியா என்கிற பெண்ணைக் கட்டிவைத்து, போன தீபாவளிக்குத் தலைதீபாவளிக்கும் அனுப்பிவைத்திருந்தாள். ஞானகுரு நிமிர்ந்து பேசமாட்டான், அதிர்ந்து நடக்கமாட்டான். தெருவில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை ஏசும்போது அவன் பேரைச் சொல்லித்தான் ஏசுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் சீனித்தாயின் கால் மெஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக மிதிக்கும்.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செடி நின்றது. மற்ற வீட்டில் ஒரு சாண் என்றால் இங்கே முழங்கால் உயரம். தண்ணீர் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்த சீனித்தாய், கத்தவில்லை, பிடுங்கவில்லை. தெரு இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளே போய், விசேஷத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய ஓலைக்கூடையை எடுத்துவந்து செடிமேல் கவிழ்த்து, மேலே ஒரு செங்கலும் வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலக் கோலம் போட்டாள்.

பக்கத்து வீட்டுத் தங்கரதி பல் விளக்கிக்கொண்டே வந்தாள். அவள் வாசலிலும் வெகுநாளாக ஒரு செடி உண்டு, நாய்க்குப் பூச்சி என்று சொல்லியிருந்தாள், அந்த நாய் தெருவிலேயே கொழுத்த நாய்.

"என்ன மதினி, கூடைய வாசல்ல கவுத்திருக்கீக?"

"கோழி அடைகாக்குது."

"கோழி எப்ப வாங்குனீக?"

"நேத்து."

தங்கரதி வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, கோழிச் சத்தமே வராத அந்தக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே சீனித்தாய் வீட்டுக்குள் விசாரணையை ஆரம்பித்தாள். பூச்சி என்று சொல்ல வீட்டில் பிள்ளை இல்லை. சளி யாருக்கும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் தன் உடம்பைத் தலை முதல் கால்வரை பார்த்தாள், வயசான தோல் என்பதைத் தவிர அதில் குறையில்லை. ஞானகுருவைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னாள், உரித்த பனங்கிழங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தான். அடுத்து மருமகளைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை" என்றாள் அனுசியா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல்.

அவள் திரும்பாமல் சொன்னதுதான் சீனித்தாய்க்கு முள்ளாகக் குத்தியது. குத்துவதற்கு ஏற்கெனவே வேறு சிலதும் இருந்தன. ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் முதுகில் ஜன்னல் வைத்து, ஜன்னலுக்குக் குஞ்சம் கட்டி, கையைத் தோளோடு நறுக்கித் தைக்கச் சொல்லுகிற இந்தக் காலத்தில், இவள் மட்டும் கொஞ்ச நாளாக, கையை முழங்கைக்குக் கீழே இறக்கிவைங்க அத்தை, கழுத்தை ஏத்திவைங்க அத்தை, முதுகை மூடித் தைங்க அத்தை என்று கேட்டு வாங்கிப் போட்டாள். முதலில் அடக்கமான பெண் என்று சீனித்தாய் பெருமையாகத்தான் தைத்துக்கொடுத்தாள். இப்போது, கையில் எதையோ கட்டி மறைக்கிறாளோ என்று தோன்றியது. போதாததற்கு, சீனித்தாய் முதல் முதலாகத் தொழிலுக்கு வந்தபோது வாங்கிய மர அளவுகோல், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டது, கொஞ்ச நாளாகக் காணவில்லை. மகனும் முன்னைப்போல இல்லை. வேலை விட்டு வந்தால் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறவன் இப்போது நேராக அறைக்குள் போனான், கதவைச் சாத்தினான், டிவியைத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தான். அம்மா முகத்தைப் பார்ப்பதே இல்லை.

தேர்முட்டியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிற செண்பகராமன், இந்தச் செடி நடக்க ஆரம்பித்ததிலிருந்து வியாபாரம் படுத்துப்போய், ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப்பேர் இதை அவர்தான் ஏவிவிட்டிருக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள், மீதிப்பேர், நட்டப்படுகிறவர் எதற்கு ஏவப்போகிறார் என்று, அப்படிச் சொன்னவர்களையே சந்தேகப்பட்டார்கள். சீனித்தாய் சுக்கு வாங்குகிற சாக்கில் போனாள்.

"அண்ணாச்சி, ஒருத்தருக்காகக் கேக்கறேன். குப்பைமேனி எதுக்கெல்லாம் ஆகும்?"

"இப்ப எல்லாரும் ஒருத்தருக்காகத்தான் கேக்காக" என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கு ஆகாதுன்னு கேளு தாயி. மஞ்சளோட அரைச்சுப் போட்டா சொறி, சிரங்கு, படை, அடிபட்ட வீக்கம், ஆறாத புண்ணு, படுக்கையிலயே கெடக்கவங்களுக்கு முதுகுல வர்ற புண்ணு..."

"தோல்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அதெல்லாம் பாத்தாச்சு. வேற?"

"சுண்ணாம்போட கொழைச்சுப் போட்டா பூரான் கடி. சாறு குடிச்சா பூச்சி, சளி. அளவு கூடுனா கொடலைப் பெரட்டி வாந்தி வந்துரும்." அவர் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான் அந்தக் காலத்துல இடுமருந்துக்கும் இதைக் குடுப்பாக. உள்ள போனது வெளிய வந்துரும்னு."

சுக்கை வாங்காமலே சீனித்தாய் வீட்டுக்கு நடந்தாள். இடுமருந்து. கட்டினவனைத் தாயிடமிருந்து பிரித்துத் தன் முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்கள் சோற்றில் வைத்துக் கொடுப்பது, உள்ளே போனவன் பேசமாட்டான், முகம் பார்க்கமாட்டான், பெற்றவள் பக்கம் திரும்பவேமாட்டான். ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. கையை மூடித் தைக்கச் சொன்னது தாயத்துக்காக. அளவுகோலைத் திருடியது மந்திரிப்பதற்கு, வீட்டுக்காரியின் கைபட்ட பொருள் ஒன்று வேண்டுமாமே அதற்கு. தன் மகனைத் தன் வீட்டிலேயே வைத்து ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்து நடுத்தெருவில் நின்று அழுதாள், பார்த்தவர்கள் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு பொங்குவது சாதாரணக் காரியமாக இல்லை. அனுசியா தாளித்தால் சீனித்தாய் பக்கத்தில் நின்று கடுகை முகர்ந்தாள். அஞ்சறைப்பெட்டியைத் தன் மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மகனுக்கு வைத்த காப்பியை மருமகள் முன்னால் நகர்த்தி, நீ குடி என்பாள். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் குடிப்பாள், அவள் மறுபேச்சில்லாமல் குடித்ததே, எந்த டம்ளரில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகப் போய்விடும். வாசலில் கூடை மெல்ல மெல்ல மேலே எழும்பியது, செங்கலையும் தலையில் வைத்துக்கொண்டு. தங்கரதி கேட்டால், கோழி வளருது என்றாள் சீனித்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சளி பிடிக்காமலிருக்கக் கஷாயம் என்று சொல்லி, கூடைக்கடியில் கைவிட்டுக் கிள்ளிய இலையின் சாற்றை மகனுக்குக் கொடுத்தாள். ஞானகுரு முற்றத்துச் சாக்கடையில் குடலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ஈர்க்குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்ததில், முதல்நாள் தின்ற பரோட்டாவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் நிமிர்ந்தபோது, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு புருஷன் வாந்தி எடுப்பதை அனுசியா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பதற்றமே இல்லை. மழை பெய்வதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகனைத் தனியாக உட்காரவைத்துச் சீனித்தாய் எல்லாவற்றையும் சொன்னாள், செடி, தாயத்து, இடுமருந்து, எல்லாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்து நிதானமாகத் தலையை ஆட்டினான்.

"எனக்கும் சந்தேகமாத்தாம்மா இருக்கு. ஒருமாதிரியாத்தான் இருக்கா. நீ பாத்துக்க."

என் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் புத்தி மிச்சமிருக்கிறது என்று அவளுக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலம் டிவிச் சத்தம் எப்போதையும்விடப் பெரிதாகக் கேட்டது. சீனித்தாய் மெஷினில் உட்கார்ந்து, அவளை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே மிதித்தாள், அவளுடைய மெஷின் சத்தமும் பெரிதுதான்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பட்டுச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கத் துணியைக் கொடுத்த அனுசியா, வழக்கம்போலக் கை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் மூடிவைக்கச் சொன்னாள். சரி என்றாள் சீனித்தாய். தைக்கும்போது கையைத் தோளிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு நறுக்கினாள். முதுகில், ஊர்ப் பெண்கள் கேட்கிறார்களே அதைவிடப் பெரிய ஜன்னலாக ஒன்று வைத்தாள். துணி பத்தவில்லை என்று சொல்லிவிடலாம். கிளம்புகிற அவசரத்தில் வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்வாள், மண்டபத்தில் நூறு பேர் பார்க்கத் தாயத்து தெரியும், அங்கேயே வைத்துக் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தைத்து முடித்தபிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. ஷோரூமுக்கு மகன் கிளம்பிப்போனதும் கதவைத் தாழ்போட்டாள்.

"போட்டுக் காட்டு, அளவு பாக்கணும்."

அனுசியா பிளவுஸை விரித்துப் பார்த்தாள். முதுகு ஜன்னலுக்குள் கையை விட்டு, மறுபக்கம் தெரிந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கும் அத்தை."

"போட்டுக் காட்டுன்னேன்."

"வேணாம் அத்தை. நான் கல்யாணத்துக்கு வரல. காய்ச்சல்னு சொல்லிருங்க."

"என்னத்தடி மறைக்க? இன்னைக்குப் பாக்காம விடமாட்டேன்" என்று சீனித்தாய் தோளைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் அந்தப் பெண் அப்படியே சுருண்டு தரையில் உட்கார்ந்தாள், அந்தப் பிடிக்கு நோவில்லாத உடம்பு எதுவும் அப்படிச் சுருளாது. பிறகு எழுந்தாள். திரும்பி நின்றுகொண்டு, பழைய பிளவுஸின் கொக்கிகளைத் தானாகவே ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

தாயத்து இல்லை. கறுப்புக் கயிறுகூட இல்லை. தோளிலிருந்து முழங்கைவரை, கழுத்திலிருந்து இடுப்புவரை, பழையது மஞ்சளாகவும் அதற்கடுத்தது பச்சையாகவும் புதியது கன்றிய நீலமாகவும், பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக. தோல் கிழிந்த இடங்களில் ஆறாத புண். ஒவ்வொரு பட்டையும் ஒரே அகலம். ஒவ்வொரு பட்டையின் முனையிலும் ஒரு சின்னக் கட்டம், பித்தளைப் பூண் பதிந்த கட்டம்.

எந்த உடம்பையும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுகிறவள் சீனித்தாய். அந்தப் பட்டையின் அகலம் என்ன என்று அவள் டேப்பை வைத்துப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் கையில் இருந்த அளவுகோல் அது.

"தாயத்தத்தான தேடுனீங்க" என்றாள் அனுசியா, சுவரைப் பார்த்தபடி. "தெரியும் அத்தை."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சீனித்தாயால் தாங்கமுடியாததாக இருந்தது. "வாசல்ல வந்து ஒரு செடி சொல்லுச்சு. நீங்க கூடையப் போட்டு மூடுனீங்க."

சீனித்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொறி, சிரங்கு, அடிபட்ட வீக்கம் என்று செண்பகராமன் சொல்லச் சொல்ல, தோல்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்று அவரை நிறுத்தியது அவள் வாய்தான். முதுகை மூடித் தைத்தது அவள் கைதான். கதவுக்கு அந்தப்பக்கம் டிவி அலறியபோது இந்தப்பக்கம் மெஷினை மிதித்தது அவள் கால்தான். வெட்கம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அது வயிற்றிலிருந்து வாந்தி மாதிரி ஏறி வந்தது, இதை எடுத்துப்போட எந்தச் சாற்றையும் குடிக்கவேண்டியிருக்கவில்லை.

கொஞ்சநேரம் கழித்து எழுந்தாள். மகனின் அறைக்குள் போய் மெத்தையைப் புரட்டினாள், அளவுகோல் அங்கே இருந்தது. கதவின் தாழை எடுத்து இரண்டு பலகையையும் விரியத் திறந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது, தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எல்லாரும் பார்க்கச் செங்கலை எடுத்தாள், கூடையைத் தூக்கினாள். இடுப்பளவு வளர்ந்து, இருட்டில் கிடந்ததால் வெளுத்துப்போயிருந்த குப்பைமேனி, தலையை நிமிர்த்தி நின்றது. எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து அதன் முன்னால் காலை மடக்கிக்கொண்டன.

பச்சிலையை மருந்துக்குக் கிள்ளுவதற்கு முன்னால் அதனிடம் அனுமதி கேட்கவேண்டும், கேட்காமல் கிள்ளினால் குணம் போய்விடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அத்தனை அவசரத்திலும் சீனித்தாய் மஞ்சள் தடவிய நூலை அதன் தண்டில் காப்பாகக் கட்டினாள். கும்பிட்டாள். கும்பிடும்போது வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தைகள் அவளுக்கு வரவில்லை, மன்னிச்சிரு ஆத்தா, மன்னிச்சிரு ஆத்தா என்றுதான் வந்தது. பிறகு இலையைக் கிள்ளி, அம்மியை வாசல்படிக்கே இழுத்துப்போட்டு, மஞ்சளை வைத்து, தெரு பார்க்க உட்கார்ந்து அரைத்தாள்.

தங்கரதி குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பை அடக்குகிற தினுசு இருந்தது.

"கோழி செடியாப் போச்சா மதினி? யாருக்கு, பிள்ளைக்குப் பூச்சியா?"

சீனித்தாய் அரைப்பதை நிறுத்தவில்லை. "எம் மருமகளுக்கு. எம் மகன் அடிச்ச அடிக்கு."

அவள் அதை உரக்கத்தான் சொன்னாள். குடங்களின் சத்தம் நின்றது. வாசலில் செடி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் உண்மையான பதில் ஒன்றைக் கேட்டதில்லை, ஆகவே அதைக் கேட்டபிறகு என்ன செய்யவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது, யாரும் ஓடவில்லை. தங்கரதியின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், திரும்பித் தன் வாசலில் வெகுநாளாக நிற்கிற செடியைப் பார்த்தாள், பிறகு சீனித்தாயின் காதருகே குனிந்தாள்.

"மதினி, மிச்சமிருந்தா எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"உன் வாசல்லயே நிக்குதுல்ல. போய்க் கிள்ளிட்டு வா, சேத்து அரைக்கிறேன்" என்றாள் சீனித்தாய்.

சாயங்காலம் ஞானகுரு வந்தபோது வாசலில் அவனுடைய துணிமணி ஒரு பையில் கட்டப்பட்டு இருந்தது. செடியைப் பார்த்தான். படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான், வெகுநாளைக்குப் பிறகு முகத்தை நேராகப் பார்த்தான். நிலைப்படிக்குக் குறுக்கே அளவுகோல் கிடந்தது. அவன் தூக்கிய கால் அதற்கு மேலே அப்படியே நின்றது.

"அம்மா, அவ சொல்றத நம்பாத. அவ ஒரு..."

"அவ ஒண்ணுமே சொல்லலடா. உள்ள வராத."

"நான் உன் பிள்ளைம்மா."

"ஆமா" என்றாள் சீனித்தாய். "அதத்தான் பகல் பூரா நெனச்சுட்டு உக்காந்திருக்கேன்."

தெருவே வாசலில் நின்றது. நிமிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை என்று பேரெடுத்தவன், தலையைக் குனிந்தபடியே பையை எடுத்துக்கொண்டு போனான். போகிறவன் முதுகைப் பார்த்து அவள் அழுதாள், பெற்றவள் அழாமல் இருப்பாளா, ஆனால் கூப்பிடவில்லை. அளவுகோலைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து, அனுசியா பற்று காய்ந்தபிறகு குளிப்பதற்கு வெந்நீர் போட்டாள். பழைய மரம், நன்றாக எரிந்தது.

புண் ஆறச் சில வாரம் ஆனது. செடியும் அவசரப்படாமல் காத்திருந்து, ஒருநாள் வெயிலில் மெதுவாகக் காய்ந்து உதிர்ந்தது. தங்கரதியின் வாசலிலும் இன்னும் சில வாசல்களிலும் செடியைச் சுற்றி அடுக்கியிருந்த ரோஜாத் தொட்டிகள் எடுக்கப்பட்டன, நாய்களின் பூச்சியைப் பற்றிய பேச்சு குறைந்தது. சந்தேகம் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதி இல்லை. இப்போது அவர்களுக்குப் புதிதாக ஒரு சந்தேகம்: பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஞானகுருவின் வாசலில் என்ன முளைத்திருக்கும்? அப்படிப்பட்ட குணத்துக்கும் ஒரு பச்சிலை இருக்காதா? பொறுக்கமாட்டாமல் தங்கரதியே ஒருநாள் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் முளைக்கல மதினி. சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு புல்லுகூட இல்ல."

சீனித்தாய் கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு மடியில் கிடந்த புதுத் துணியை விரித்து, சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அனுசியா, கை எதுவரைக்கும் வைக்கட்டும்?"

அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யோசித்தாள். பிறகு தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.